அச்சு எரிந்த பின் மிஞ்சும் துளைகள்

1969-இல் சில்வேனியா என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அடர்த்தி குறைந்த சிலிக்காத் தூளைத் தயாரிப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். (சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது, மணலின் முக்கியப் பொருள்.) 1971-இல் காப்புரிமை கிடைத்தது; பிறகு அது கோப்புகளோடு கோப்பாகக் கிடந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1997-இல், பிரான்சில் பிரான்செஸ்கோ டி ரென்சோவின் குழு அந்தச் செய்முறையைத் தேடி எடுத்து அப்படியே செய்து பார்த்தது. கிடைத்த வெள்ளைத் தூளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது தெரிந்தது ஒரு தேன்கூடு. அறுகோண அடுக்கில், ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே அளவில் நீண்டு செல்லும் துளைகள். மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1992-இல் அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த எம்சிஎம்-41 என்ற பொருளும் இதுவும் ஒன்றுதான்.

முதலில் செய்தவர்கள் தேடியது எடை குறைந்த தூளை. அது கிடைத்துவிட்டது. தூளுக்குள் ஒரு வடிவமைப்பு இருக்கக்கூடும் என்று எண்ண அவர்களுக்குக் காரணம் இல்லை. எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஒழுங்கான நுண்துளைப் பொருள்களைச் செய்வதற்கு அரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கண்ணாடிக் குடுவை, சோப்பு வகை மூலக்கூறு, சிலிக்கா தரும் ஒரு திரவம், கொஞ்சம் காரம், ஓர் உலை, இவை போதும். கடினமாக இருந்தது, உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்வதுதான்.

துளை உள்ள பொருள் என்பது புதிதல்ல. கரியில் துளை இருக்கிறது. புதுக் காலணிப் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சப் போடும் சிறு பொட்டலத்தில் இருக்கும் சிலிக்கா ஜெல்லிலும் இருக்கிறது. ஆனால் அந்தத் துளைகள் கண்டபடி வளைந்து, ஓரிடத்தில் அகன்று, அடுத்த இடத்தில் குறுகி, சில இடங்களில் முட்டுச்சந்தாக முடிந்துபோகும். உறிஞ்சுவதற்கு அது போதும். ஒரு மூலக்கூறை உள்ளே விட்டு இன்னொன்றை வாசலிலேயே நிறுத்த வேண்டுமென்றால் போதாது. அதற்கு எல்லா வாசல்களும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒழுங்கு என்று இத்துறையில் சொல்வது இதைத்தான்: ஒரே அளவு, அதோடு திரும்பத் திரும்ப வரும் ஒரே அடுக்கு.

அளவுகளுக்குப் பன்னாட்டு வேதியியல் அமைப்பு வகுத்த பெயர்கள் உண்டு. 2 நானோமீட்டருக்குக் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்) குறைந்தால் மைக்ரோ துளை, 2 முதல் 50 வரை மீசோ துளை, அதற்கு மேல் மாக்ரோ துளை. மைக்ரோ துளை என்ற பெயரைக் கேட்டு மைக்ரோமீட்டர் என்று நினைத்துவிடக் கூடாது. அது அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய உலகம்.

அந்த அளவில் துளை போட ஊசி கிடையாது. ஆகவே வழி தலைகீழாகப் போகிறது. துளை எங்கே வேண்டுமோ அங்கே முதலில் ஒரு பொருளை வைக்கிறார்கள். அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். பிறகு உள்ளே வைத்ததை எடுத்துவிடுகிறார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கும் பழைய முறை நினைவுக்கு வரும். உள்ளே வைக்கும் பொருளை வார்ப்புரு என்கிறார்கள். வெற்றிடத்தின் வடிவம் அதுதான்.

இயற்கையில் ஒழுங்கான துளைகள் கொண்ட கல் ஒன்று இருப்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்சல் கிரான்ஸ்டெட் 1756-இல் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கொப்பளித்து வந்தது. கிரேக்கத்தில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும்படி அதற்குச் சியோலைட் என்று பெயரிட்டார். சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய படிகம் அது. அதன் துளைகளில் இருந்த நீர்தான் வெளியேறியது. பின்னாளில் இதை ஆய்வகத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். 1961-இல் ரிச்சர்ட் பேரரின் குழு, சோடியம் போன்ற எளிய அயனிகளுக்குப் பதிலாகக் கரிம அம்மோனிய அயனியைச் சேர்த்துச் சியோலைட் வளர்த்தது. பெரிய அயனியைச் சுற்றிப் படிகம் வேறு விதமாகக் கட்டிக்கொண்டது.

இதன் உச்சம் மொபில் 1972-இல் காப்புரிமை பெற்ற இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட். இதில் வார்ப்புரு டெட்ராபுரோப்பில் அம்மோனியம் என்ற அயனி: நடுவில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து நான்கு திசைகளில் நீளும் நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் மூன்று கார்பன். இந்தப் படிகத்தில் நேரான துளைகளும் நெளிந்து செல்லும் துளைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சரியாக அந்தச் சந்திப்புகளில்தான் அயனி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கைகள் நேர்த்துளைக்குள்ளும் மற்ற இரண்டும் நெளிதுளைக்குள்ளும் நீண்டிருக்கின்றன. ஒற்றை மூலக்கூறு தன் உருவத்தைக் கல்லில் பதித்துவிட்டுப் போவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறோர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. துளையின் அகலம் ஏறத்தாழ 0.55 நானோமீட்டர். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரா சைலீன் என்ற மூலக்கூறு அதில் எளிதாக நழுவிச் செல்லும். அதே அணுக்களைக் கொண்ட ஆர்த்தோ, மெட்டா சைலீன்கள் சற்றே அகன்றவை என்பதால் திணறும்.

அதற்கு மேல் பெரிய துளை வேண்டுமென்றால் பெரிய மூலக்கூறை வார்ப்புருவாகப் போட வேண்டியதுதானே? போட்டுப் பார்த்தார்கள். ஆனால் கரிம மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக நீரில் கரைய மறுக்கும், கண்டபடி வளையும், காரத்தில் சிதையும். எண்ணெய் சுத்திகரிப்பில் மூலக்கூறுகளை உடைக்கச் சியோலைட்டைத்தான் பயன்படுத்தினார்கள்; ஆனால் கச்சா எண்ணெயின் கனமான மூலக்கூறுகள் அதன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. அவற்றை உள்ளே விட வழி தேடியவர்களுக்குக் கிடைத்த விடை, தனி மூலக்கூறை விட்டுவிட்டு மூலக்கூறுகளின் கூட்டத்தை வார்ப்புருவாக்குவது.

சோப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால் ஒன்று. நீரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்ந்ததும் வால்கள் எல்லாம் உள்ளே ஒடுங்கி, தலைகள் வெளியே நின்று, ஒரு திரள் உருவாகிறது. அதற்கு மிசெல் என்று பெயர். எம்சிஎம்-41-க்குப் பயன்பட்ட சிடிஏபி என்ற உப்பில் வாலின் நீளம் 16 கார்பன். முழுதாக நீட்டினால் ஏறத்தாழ 2 நானோமீட்டர். லிட்டருக்கு 0.3 கிராம் கரைத்தாலே மிசெல் உருவாகத் தொடங்கிவிடும். இரண்டு வால்கள் எதிரெதிராக நின்றால் குறுக்களவு ஏறத்தாழ 4 நானோமீட்டர். எம்சிஎம்-41-இன் துளையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வாலைக் குட்டையாக்கினால் துளை சுருங்குகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள மெசிட்டிலீனைச் சேர்த்தால் அது மிசெலின் வயிற்றுக்குள் புகுந்து ஊதிவிடுகிறது. துளை 10 நானோமீட்டர் வரை பெருக்கிறது. கிரெஸ்கே, பெக் உள்ளிட்ட மொபில் குழுவினர் 1992-இல் இதையெல்லாம் வரிசையாகச் செய்துகாட்டினார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தில் கசுயுகி குரோடாவின் குழு 1990-இலேயே, அடுக்கடுக்கான ஒரு சிலிக்கேட்டுக்குள் இதே வகை உப்பைச் செலுத்தி இத்தகைய துளைப்பொருளை வெளியிட்டிருந்தது.

இங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். மெழுகு வார்ப்பில் மெழுகு உருவம் முதலில் வருகிறது, மண் பிறகு. இங்கே எது முதலில்?

மொபில் குழு இரண்டு வழிகளைச் சொன்னது. சோப்பு மூலக்கூறுகள் முதலிலேயே நீண்ட குழல்களாகி, அறுகோணமாக அடுக்கிக்கொண்டு, அதன் இடைவெளிகளில் சிலிக்கா நிரம்பியிருக்கலாம். அல்லது சிலிக்கேட் வந்த பிறகுதான் அந்த அடுக்கே தோன்றியிருக்கலாம். முதல் வழி அழகானது. ஆனால் கணக்கு இடிக்கிறது. சிடிஏபி தானாக அறுகோண அடுக்காக வேண்டுமென்றால் கரைசலின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு அதுவாக இருக்க வேண்டும். எம்சிஎம்-41 அதைவிடப் பல மடங்கு நீர்த்த கரைசலிலும் உருவாகிவிடுகிறது. அடுக்கி வைத்த அச்சு அங்கே முன்கூட்டி இல்லை.

நடப்பது இது. மிசெலின் தலைகளில் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் அந்தத் தலைகளுக்கு அருகே, காரக் கரைசலில் எதிர்மின்னூட்டம் கொண்ட சிலிக்கேட் அயனிகள் வருகின்றன. சிடிஏபி உப்பின் மறுபாதியாகத் தலைகளின் அருகே இருந்த புரோமைடு அயனிகளை விலக்கிவிட்டுத் தலைகளைச் சூழ்ந்துகொள்கின்றன. தள்ளுவிசை தணிகிறது. உருண்டையாக இருந்த மிசெல்கள் நீண்டு குழல்களாகின்றன. சிலிக்கேட்டைப் போர்த்திய குழல்கள் ஒன்றோடொன்று நெருங்கி அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. சிலிக்கேட்டுகள் தங்களுக்குள் பிணைந்து இறுகுகின்றன. சுவர்தான் அச்சை ஒழுங்குபடுத்துகிறது, அச்சுதான் சுவருக்கு இடம் காட்டுகிறது. மெழுகு உவமை இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. அதை நீட்டிக்கொண்டே போகும் அறிமுகங்கள் பொருளின் உயிர்நாடியைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம்.

குடுவையில் இதைப் பார்க்கலாம். சிடிஏபி கரைத்த காரநீர் தெளிவாக இருக்கும். கலக்கினால் நுரை எழும். அதில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அது நீரோடு கலக்காது. முதலில் எண்ணெய்த் துளிகள்போல் சுழன்றுகொண்டிருக்கும். காரம் அதை மெல்ல உடைக்கிறது. எத்தனால் பிரிகிறது, சிலிக்கேட் நீருக்குள் இறங்குகிறது. சிறிது நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு கரைசலில் இலேசான மங்கல். சில நிமிடங்களில் பால்போல் வெளுத்துவிடும். அடுக்கு அப்போதே தொடங்கிவிட்டது. மேற்கொண்டு பல மணி நேரம் கலக்குவதும் சூட்டில் வைப்பதும் சுவர்களை இறுகச் செய்யத்தான். வடிகட்டி, கழுவி, உலர்த்தினால் வெள்ளைத் தூள். இப்போது அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி சோப்பு மூலக்கூறு. துளை என்று ஒன்று இன்னும் இல்லை. துளைக்குரிய இடம் அடைபட்டுக் கிடக்கிறது.

அடுத்தது உலை. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவது வழக்கம். ஏறுவதற்கே ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது. சோப்பு மூலக்கூறு எரிந்து வாயுவாகி அந்த நுண்குழல்களின் வழியேதான் வெளியே வர வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சூடு தேங்கி, அழுத்தம் ஏறி, ஒரு நானோமீட்டர் தடிமனே உள்ள சுவர்கள் நொறுங்கிவிடும். காற்று போதாவிட்டால் கரி படிந்து தூள் பழுப்பாக நிற்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் அடுக்கு சற்றுச் சுருங்கத்தான் செய்கிறது. எரிப்பதற்குப் பதிலாக, அமிலம் கலந்த எத்தனாலில் ஊறவைத்துச் சோப்பைக் கரைத்தெடுக்கும் வழியும் உண்டு. அதில் சுருக்கம் குறைவு. ஆனால் முழுவதும் வெளியேறுவதில்லை.

உள்ளே ஒழுங்கு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? எக்ஸ் கதிரைத் தூளின் மீது செலுத்தினால் மிகச் சிறிய கோணத்தில், ஏறத்தாழ 2 டிகிரியில், ஒரு கூர்மையான முகடு தெரியும். அதைத் தொடர்ந்து சிறு முகடுகள், அறுகோண அடுக்குக்கே உரிய விகிதத்தில். வழக்கமாகப் படிகங்கள் முகடு காட்டும் பெரிய கோணங்களிலோ எதுவும் இருக்காது. காரணம் நுட்பமானது. இந்தப் பொருளில் துளைகள் அணிவகுத்து நிற்கின்றனவே தவிர, சுவரிலுள்ள அணுக்கள் கண்ணாடியில் இருப்பதுபோல் ஒழுங்கின்றித்தான் கிடக்கின்றன. சியோலைட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அதுதான். பின்னால் வரப்போகும் ஏமாற்றத்தின் விதையும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சோதனை நைட்ரஜன். தூளை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைத்து, நைட்ரஜன் வாயுவைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறார்கள். முதலில் துளைச் சுவர்களில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அழுத்தம் ஒரு குறிப்பிட்ட புள்ளியை எட்டியதும் துளைக்குள் வாயு சட்டென்று திரவமாகி நிரம்பிவிடுகிறது. குறுகிய துளையானால் குறைந்த அழுத்தத்திலேயே இது நடக்கும். சிலிக்கா ஜெல்லில் பல அளவுத் துளைகள் இருப்பதால் வரைகோடு சரிவாக ஏறும். எம்சிஎம்-41-இல் எல்லாத் துளைகளும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிரம்புவதால் வரைகோட்டில் ஒரு படிக்கட்டு தெரியும். அந்தப் படி எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு ஒழுங்கு. ஒட்டிய நைட்ரஜனின் அளவிலிருந்து, 1938-இல் புரூனாயர், எம்மட், டெல்லர் மூவரும் தந்த சமன்பாட்டைக் கொண்டு பரப்பளவைக் கணக்கிட்டால் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் அளவில் வரும்.

1998-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஷாவ் தோங்யுவான், கேலன் ஸ்டக்கி ஆகியோரின் குழு வார்ப்புருவை மாற்றியது. மின்னூட்டம் உள்ள சோப்பு உப்புக்குப் பதில், மின்னூட்டமே இல்லாத பாலிமர். நீரை வெறுக்கும் நடுப்பகுதி 70 அலகு, அதன் இரு பக்கமும் நீரை விரும்பும் பகுதி 20 அலகு வீதம். காரத்துக்குப் பதில் அமிலம். கிடைத்த எஸ்பிஏ-15 என்ற சிலிக்காவில் துளை 30 நானோமீட்டர் வரை விரிந்தது. சுவர் 3 முதல் 6 நானோமீட்டர் வரை தடித்தது. மெல்லிய சுவர் கொண்ட எம்சிஎம்-41 கொதிநீரில் சிதைந்துபோகும் நிலையில் இது தாக்குப்பிடித்தது.

எஸ்பிஏ-15 பற்றி என்னை அதிகம் கவர்வது வேறொன்று. பாலிமரின் நீர்விரும்பிப் பகுதிகள் நுனியில் பிரிந்த நூல்போல மிசெலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலிக்கா இறுகும்போது அந்த நூல்கள் சுவருக்குள் சிக்கிக்கொள்கின்றன. எரித்தபின் அவை இருந்த இடங்கள், பெரிய துளைகளைப் பக்கவாட்டில் இணைக்கும் நுண்ணிய சந்துகளாக நிற்கின்றன. இதைத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது அடுத்த தலைமுறை வார்ப்பு.

தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் ரியோங் ரியூவின் குழு 1999 முதல், சிலிக்காவையே அச்சாக வைத்துக் கரியை வார்க்கத் தொடங்கியது. சர்க்கரைக் கரைசலைக் கந்தக அமிலத்தோடு துளைக்குள் ஊறவிட்டு, உலர்த்தி, காற்றில்லாமல் 900 டிகிரியில் சூடாக்கினால் துளை முழுவதும் கரி. பிறகு ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் சிலிக்காவைக் கரைத்துவிடுகிறார்கள். எம்சிஎம்-41-ஐ அச்சாக வைத்தால் கிடைக்கும் கரிக்கம்பிகள் தனித்தனியானவை. சிலிக்கா போனதும் கட்டவிழ்ந்த விறகுபோல அடுக்கு குலைந்துவிடும். எஸ்பிஏ-15-ஐ வைத்தால் கரி அடுக்குக் குலையாமல் நிற்கிறது. சந்துகளுக்குள் புகுந்த கரி பாலமாகி, கம்பிக்குக் கம்பி பிடித்துக்கொள்கிறது. சிஎம்கே-3 என்ற இந்தக் கரி நிற்பதே, ஒருகாலத்தில் சுவருக்குள் சிக்கியிருந்த சில பாலிமர் நுனிகளால்தான். அந்தப் பாலிமரும் இப்போது இல்லை, அதைச் சூழ்ந்திருந்த சிலிக்காவும் இல்லை.

திடமான அச்சுகளில் இன்னும் இரண்டைச் சொல்லாமல் போக முடியாது. ஒரே அளவிலான சில நூறு நானோமீட்டர் உருண்டைகளைத் திரவத்தில் படியவிட்டால் அவை தாமாகவே நெருங்கி அடுக்கிக்கொள்ளும். இடத்தில் 74 விழுக்காடு உருண்டை, 26 விழுக்காடு இடைவெளி. ஓபல் மணியின் வண்ணம் இத்தகைய சிலிக்கா உருண்டைகளின் அடுக்கிலிருந்து வருவதை 1960-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. 1997, 1998-இல் பல குழுக்கள் பாலிமர் உருண்டைகளின் இடைவெளியில் சிலிக்காவையும் டைட்டானியாவையும் (டைட்டானியம் ஆக்சைடு) நிரப்பி, உருண்டைகளை நீக்கி, தலைகீழ் ஓபல்களைச் செய்தன. ஒளியை வடிகட்டும் பொருள்கள் அவை. உலரும்போது விழும் விரிசல்தான் இன்றும் அவற்றின் பெரும்பாடு.

மற்றொன்று அலுமினியம். ஆக்சாலிக் அமிலத்தில் அதை நேர்மின்வாயாக்கி 40 வோல்ட் கொடுத்தால், மேலே வளரும் ஆக்சைடில் 100 நானோமீட்டர் இடைவெளியில் துளைகள் தோன்றுகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேல். தொடக்கத்தில் அவை தாறுமாறாகவே இருக்கும், ஆழம் போகப்போகத்தான் வரிசைப்படும். ஜப்பானில் ஹிடெகி மசுடாவின் குழு 1990-களின் நடுவில் இதற்கு ஒரு தீர்வு கண்டது. நெடுநேரம் வளர்த்த ஆக்சைடு முழுவதையும் கரைத்து நீக்கிவிட்டார்கள். அடியில் உள்ள அலுமினியத்தில், வரிசைப்பட்ட துளைகளின் அடிப்பாகம் பதித்த சிறு குழிகள் மிஞ்சின. இரண்டாம் முறை மின்சாரம் கொடுத்தபோது ஒவ்வொரு துளையும் ஒரு குழியிலிருந்து தொடங்கியது. மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடு.

இவ்வளவுக்கும் பயன் என்ன? 2001-இல் மட்ரிட்டில் மரியா வாயெட்-ரெகியின் குழு எம்சிஎம்-41-இன் துளைகளில் இபுப்ரூஃபன் மருந்தை நிரப்பி, அது மெல்ல மெல்ல வெளியேறுவதைக் காட்டியது. அதிலிருந்து ஒரு தனித்துறையே கிளைத்தது. ஆனால் முதலில் எதற்காகத் தேடினார்களோ, அந்த எண்ணெய் சுத்திகரிப்பில் எம்சிஎம்-41 சியோலைட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை. காரணம் அந்தச் சுவர்தான். கனமான மூலக்கூறை உடைக்க வலுவான அமிலத்தன்மை வேண்டும். அது படிகச் சுவரில் குறிப்பிட்ட இடங்களில் அமைந்த அலுமினியத்திலிருந்து வருகிறது. ஒழுங்கற்ற சுவரில் அந்த வலு இல்லை. சூடான நீராவியையும் அது தாங்காது. வாசலை அகலப்படுத்தியாயிற்று, உள்ளே வேலை செய்ய ஆள் இல்லை என்ற நிலை.

ரியூவின் குழு 2009-இல் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் இத்துறையின் மிக அழகான சிந்தனைகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். அவர்கள் ஒரே மூலக்கூறில் இரண்டு வார்ப்புருக்களை இணைத்தார்கள். தலைப்பக்கம் இரண்டு அம்மோனிய முனைகள், இசட்எஸ்எம்-5-ஐ வளர்க்கும் அயனியின் வேலையைச் செய்ய. வால்பக்கம் 22 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலி, மிசெலாகத் திரள. தலையைச் சுற்றிச் சியோலைட் படிகம் வளர்கிறது. வால்களின் கூட்டம் அதை ஒரு திசையில் மேலும் வளரவிடாமல் தடுக்கிறது. கிடைத்தது 2 நானோமீட்டர் தடிமனே உள்ள சியோலைட் தாள்கள்: படிகச் சுவர், அதில் மூலக்கூறு அளவுத் துளைகள், தாள்களுக்கு நடுவே அகன்ற இடைவெளி. பெரிய மூலக்கூறு தாளின் முகத்திலேயே வினைபுரியலாம். சிறியது உள்ளே போனாலும் இரண்டு நானோமீட்டரில் மறுபக்கம் வந்துவிடும். உள்ளே சிக்கிக் கரியாகும் வாய்ப்பு குறைவதால் மெத்தனாலைப் பெட்ரோலாக்கும் வினையில் இந்த வினையூக்கி வழக்கமான சியோலைட்டைவிட நீண்டகாலம் உழைத்தது.

ஆனால் அந்த மூலக்கூறைக் கடையில் வாங்க முடியாது. பல படிகளில் செய்தெடுக்க வேண்டும், செலவு அதிகம். எஸ்பிஏ-15-இன் பாலிமரை எத்தனாலில் கரைத்து மீட்கலாம், ஏனென்றால் அது சிலிக்காவோடு வலுவாகப் பிணையவில்லை. இங்கே மூலக்கூறின் தலை படிகத்தின் துளைச் சந்திப்பில் பூட்டப்பட்டிருக்கிறது. கைகள் நான்கு பக்கமும் நீண்டு கிடக்கும் அதை எந்தக் கரைப்பானாலும் உருவி எடுக்க முடியாது. உலைதான்.